லாக்பேக் ஃபைலை எப்படித் திருத்தினாலும் பலன் இல்லையா? ஜேவிஎம் எந்த ஃபைலைப் படிக்கிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக: ஜாவா 17-இல் ஓடும் ஒரு சர்வீஸ். பில்டு செய்வது மேவன் என்ற டூல். லாகிங்குக்கு எஸ்எல்எஃப்4ஜே, அதற்குப் பின்னால் லாக்பேக் 1.2. சமீபத்தில் ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைச் சேர்த்திருக்கிறீர்கள். அதே ரிலீஸில், தனித்தனி ஜார்களாக இருந்ததை மேவனின் ஷேட் ப்ளகின் வழியாக ஒற்றை ஜாராகவும் மாற்றியிருக்கிறீர்கள். உடனே லாக் முழுவதும் நின்றுபோனது. லாக்பேக்கை 1.5-க்கு ஏற்றியதும் லேப்டாப்பில் சரியாகிவிட்டது. சர்வரிலோ கன்சோலில் டீபக் வரிகளாகக் கொட்டுகின்றன, லாக் ஃபைல் உருவாகவே இல்லை, தமிழ்ப் பெயர்கள் வரும் இடமெல்லாம் கேள்விக்குறிகள். ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டில் கிளாஸ்பாத்தாக (ஜாவா தனக்கு வேண்டிய கிளாஸ்களையும் ஃபைல்களையும் தேடும் இடங்களின் பட்டியல்) கான்ஃப் ஃபோல்டரைக் கொடுத்து, அதன்பின் மைனஸ் ஜார் ஆப்ஷனோடு ஜாரை ஓட்டுகிறீர்கள். கான்ஃப் ஃபோல்டரில் உள்ள லாக்பேக்.எக்ஸ்எம்எல்லில் என்ன மாற்றினாலும் ஒன்றும் நடக்கவில்லை, எங்கே தேடுவது என்று கேட்கிறீர்கள்.

அந்த எக்ஸ்எம்எல்லை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் திருத்துவது ஒரு ஃபைலை. ஓடிக்கொண்டிருக்கும் ஜேவிஎம் (ஜாவா ப்ரோக்ராமை ஓட்டும் எஞ்சின்) அந்த ஃபைலைத் திறந்தே பார்க்கவில்லை. உங்களிடம் இருப்பது ஒரே பிரச்சினை போலத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு. புது லைப்ரரி கொண்டுவந்தது ஒன்று, ஒற்றை ஜார் கொண்டுவந்தது இன்னொன்று. இரண்டும் ஒரே ரிலீஸில் வந்ததால் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன. கேள்விக்குறிகள் இரண்டாவது பிரச்சினையின் பிள்ளை.

இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் சொன்ன அறிகுறிகளே சொல்கின்றன. எஸ்எல்எஃப்4ஜே என்பது வெறும் முகப்பு. உங்கள் கோடும், நீங்கள் சேர்க்கும் லைப்ரரிகளும் அதைத்தான் கூப்பிடும். உண்மையில் எழுதுகிற வேலையைச் செய்வது பின்னால் இருக்கும் லாக்பேக்கோ லாக்4ஜே 2-வோ. பின்னால் யாருமே மாட்டப்படவில்லை என்றால் எஸ்எல்எஃப்4ஜே தன் 'நோ ஆபரேஷன்' லாகரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதுதான் முழு மௌனம். பின்னால் லாக்பேக் மாட்டப்பட்டிருக்கிறது, ஆனால் அதற்குக் கான்ஃபிகரேஷன் கிடைக்கவில்லை என்றால், அது தன் பேசிக் கான்ஃபிகரேட்டரை எடுத்துக்கொள்ளும். அதன் லெவல் டீபக், எழுதும் இடம் கன்சோல். வரியின் தொடக்கத்தில் தேதி இல்லாமல் மில்லிசெகண்ட் வரைக்கும் நேரம் மட்டும், அடுத்து சதுர அடைப்புக்குள் த்ரெட் பெயர் என்று வந்தால் அது பேசிக் கான்ஃபிகரேட்டரின் கைவேலைதான். உங்கள் எக்ஸ்எம்எல்லில் நீங்கள் எழுதிய பேட்டர்ன் அல்ல.

ஆக, மௌனம் என்றால் ஜார் பிரச்சினை. வெள்ளம் என்றால் ஃபைல் பிரச்சினை. லாக்பேக்கைப் பொறுத்தவரை இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே பாதித் தேடல் முடிந்துவிடும். லாக்4ஜே 2 பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அங்கே கான்ஃபிகரேஷன் கிடைக்காதபோது எர்ரர் லெவல் வரிகள் மட்டும்தான் கன்சோலுக்கு வரும். அதனால் அங்கே மௌனமாகத் தெரிவது ஃபைல் பிரச்சினையாகவும் இருக்கலாம்.

இனி முதல் பிரச்சினை. லாக் நின்றுபோன அன்றைய கன்சோல் பதிவு கையில் இருந்தால் மேலே போய்ப் பாருங்கள். 'நோ எஸ்எல்எஃப்4ஜே ப்ரொவைடர்ஸ் வேர் ஃபவுண்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே, 1.7 அல்லது அதற்கு முந்தைய வர்ஷனுக்கான பைண்டிங் (பின்புலத்தை எஸ்எல்எஃப்4ஜேவோடு இணைக்கும் பகுதி) கிளாஸ்பாத்தில் இருக்கிறது என்று ஒரு வரி. அதற்கும் கீழே 'இக்னோரிங் பைண்டிங் ஃபவுண்ட் அட்' என்று தொடங்கி, லாக்பேக்-கிளாசிக் 1.2 ஜாரின் முழுப் பாதை (ஒற்றை ஜாராக ஓட்டியிருந்தால் அந்த ஜாரின் பாதை). இந்தக் கடைசி வரியைப் பலரும் படிப்பதே இல்லை. எதைத் தூக்கிப் போட்டேன், அது எந்த ஜாருக்குள் இருந்தது என்று பெயர் சொல்லித் தெரிவிக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு லைப்ரரி பேச முடியாது.

நடந்தது என்னவென்றால், எஸ்எல்எஃப்4ஜே 1.7 வரைக்கும் பின்னால் இருப்பவரைக் கண்டுபிடித்த முறை வேறு. ஸ்டாட்டிக் லாகர் பைண்டர் என்ற குறிப்பிட்ட பெயருடைய கிளாஸ் எந்த ஜாரில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். 2022 ஆகஸ்டில் வெளியான 2.0.0-இல் அதை விட்டுவிட்டு, ஜாவாவிலேயே இருக்கும் சர்வீஸ் லோடருக்கு மாறினார்கள். இப்போது ஒவ்வொரு பின்புல ஜாரும் தன் மெட்டா-இன்ஃப் ஃபோல்டருக்குள் உள்ள சர்வீசஸ் ஃபைலில் 'நான் ப்ரொவைடர்' என்று எழுதிவைத்திருக்க வேண்டும். லாக்பேக் 1.2-க்கு இந்தப் புதுப் பழக்கம் தெரியாது. லாக்பேக் 1.3, 1.4, 1.5 மூன்றுக்கும் தெரியும். உங்கள் புது லைப்ரரி தன்னோடு எஸ்எல்எஃப்4ஜே 2.0-ஐக் கூட்டிவந்தது, நீங்கள் வைத்திருந்த லாக்பேக் 1.2 கண்ணுக்குத் தெரியாமல் போனது.

'நான் பாம்.எக்ஸ்எம்எல்லில் (மேவனின் செட்டிங் ஃபைல்) எஸ்எல்எஃப்4ஜே வர்ஷனைத் தொடவே இல்லையே' என்று நினைப்பீர்கள். தொட வேண்டியதில்லை. மேவன் ஒரே லைப்ரரிக்கு இரண்டு வர்ஷன்கள் வந்தால், பெரிய வர்ஷனைத் தேர்ந்தெடுக்காது. டிபென்டன்சி மரத்தில் (எந்த லைப்ரரி எதைக் கூட்டிவருகிறது என்ற படிநிலை) உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால் பாம்.எக்ஸ்எம்எல்லில் எது முதலில் எழுதப்பட்டிருக்கிறதோ அதன் வழியாக வந்தது ஜெயிக்கும். லாக்பேக்-கிளாசிக் நேரடி டிபென்டன்சி, அதன் கீழே எஸ்எல்எஃப்4ஜே 1.7. புது லைப்ரரியும் நேரடி டிபென்டன்சி, அதன் கீழே எஸ்எல்எஃப்4ஜே 2.0. இரண்டும் இரண்டாம் படியில்தான் இருக்கின்றன. புது லைப்ரரியை லாக்பேக்குக்கு மேலே எழுதியிருந்தால் 2.0 உள்ளே வரும், கீழே எழுதியிருந்தால் 1.7 தங்கும். இரண்டு டிபென்டன்சிகளின் வரிசையை மாற்றினாலே லாக் வருவதும் நிற்பதும் மாறும் என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கும். உங்கள் ப்ராஜெக்ட்டிலேயே மாற்றிப் பார்க்கலாம். கிரேடில் என்ற இன்னொரு பில்டு டூல் வேறு மாதிரி. அது வழக்கமாகப் பெரிய வர்ஷனையே எடுக்கும். வரிசைக்கு அங்கே வேலை இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க மேவனின் டிபென்டன்சி ட்ரீ கட்டளையை ஓட்டுங்கள். வெர்போஸ் ஆப்ஷனோடு ஓட்டினால் எந்த வர்ஷன் எதற்காகத் தள்ளப்பட்டது என்பதும் தெரியும். இன்க்ளூட்ஸ் ஆப்ஷனில் எஸ்எல்எஃப்4ஜே குரூப்பை மட்டும் கொடுத்தால், நூற்றுக்கணக்கான வரிகளில் தேட வேண்டியதில்லை. கிரேடிலில் டிபென்டன்சி இன்சைட் என்ற டாஸ்க் இதே வேலையைச் செய்யும்.

லாக்பேக்கை 1.5-க்கு ஏற்றியது சரியான முடிவுதான். எஸ்எல்எஃப்4ஜேவை 1.7-க்கு இறக்கும் யோசனையை யாராவது சொல்லியிருந்தால் ஏற்க வேண்டாம். கூப்பிடுகிற பக்கத்தைப் பொறுத்தவரை 1.7-ஐ நம்பி எழுதிய பழைய லைப்ரரிகள் 2.0-உடன் அப்படியே ஓடும். தலைகீழாக அப்படி ஓடாது. 2.0-இல் வந்த 'அட் இன்ஃபோ' போன்ற புது மெத்தடுகளை ஒரு லைப்ரரி பயன்படுத்தியிருந்தால், 1.7-இல் அந்த வரியைத் தொடும் நேரத்தில் 'நோ சச் மெத்தட்' எர்ரர் வரும். அது ஸ்டார்ட்அப்பில் வராமல் நடு ராத்திரியில் வரலாம். எனவே மேலே ஏறுவதே நல்லது. ஜாவா 8-இல் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு லாக்பேக் 1.3, ஜாவா 11-உம் அதற்கு மேலும் என்றால் 1.5. அப்புறம் டிபென்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில் எஸ்எல்எஃப்4ஜே-ஏபிஐ வர்ஷனை ஒரு தடவை எழுதிக் கட்டிவிடுங்கள். அங்கே எழுதினால் எந்த லைப்ரரி எதைக் கூட்டிவந்தாலும் நீங்கள் சொன்னதுதான் நிற்கும், வரிசைப் பிரச்சினையும் போய்விடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்பிரிங் பூட் என்ற ஃப்ரேம்வொர்க்கின் 2 வரிசையில் இருப்பவர்கள் லாக்பேக்கைத் தனியாக ஏற்றக் கூடாது. பூட் 2-இன் லாகிங் கோடு அந்தப் பழைய ஸ்டாட்டிக் லாகர் பைண்டரை நேரடியாகத் தேடும். கிடைக்காவிட்டால் அப்ளிகேஷன் எழுந்திருக்கவே செய்யாது. 2022 நவம்பரில் வந்த பூட் 3-இலிருந்துதான் எஸ்எல்எஃப்4ஜே 2.0. பூட் பயன்படுத்தினால் வர்ஷன்களை அதன் பேரன்ட் பாமிடமே விட்டுவிட்டு, நீங்கள் வர்ஷன் எண் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு.

இப்போது இரண்டாவது பிரச்சினை, உங்களை இன்னும் வாட்டுவது. லாக்பேக் மாட்டப்பட்டுவிட்டது, ஃபைல் கிடைக்கவில்லை. காரணம் நீங்கள் ஒட்டிய ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டிலேயே இருக்கிறது. மைனஸ் ஜார் கொடுத்து ஓட்டினால், நீங்கள் கிளாஸ்பாத்துக்காகக் கொடுக்கும் மைனஸ் சிபி-யை ஜாவா கண்டுகொள்ளாது. கிளாஸ்பாத் என்ற என்விரான்மென்ட் வேரியபிளையும் கண்டுகொள்ளாது. அந்த ஒற்றை ஜாரும், அதன் மேனிஃபெஸ்டில் (ஜாருக்குள் இருக்கும் விவரக் குறிப்பு ஃபைல்) எழுதியிருக்கும் பாதைகளும் மட்டும்தான் கிளாஸ்பாத். எச்சரிக்கையாக ஒரு வரிகூட வராது. முன்பு தனித்தனி ஜார்களோடு மெயின் கிளாஸ் பெயர் கொடுத்து ஓட்டியபோது கான்ஃப் ஃபோல்டர் கிளாஸ்பாத்தில் இருந்தது. ஒற்றை ஜாருக்கு மாறிய அன்றே வெளியே போய்விட்டது. லேப்டாப்பில் ஐடிஇ அந்த ஃபோல்டரை ரிசோர்ஸ் ஃபோல்டராகச் சேர்த்துக்கொண்டு மெயின் கிளாஸை நேராக ஓட்டுவதால் அங்கே எல்லாம் சரியாகத் தெரிகிறது.

சரி செய்ய மூன்று வழிகள். லாக்பேக்.கான்ஃபிகரேஷன்ஃபைல் என்ற சிஸ்டம் ப்ராபர்ட்டியில் (ஸ்டார்ட் செய்யும்போது மைனஸ் டி போட்டு ஜேவிஎம்முக்குக் கொடுக்கும் மதிப்பு) எக்ஸ்எம்எல்லின் முழுப் பாதையைக் கொடுக்கலாம். அல்லது மைனஸ் ஜாரை விட்டுவிட்டு கான்ஃப் ஃபோல்டரையும் ஜாரையும் சேர்த்துக் கிளாஸ்பாத் கொடுத்து மெயின் கிளாஸ் பெயரோடு ஓட்டலாம். லினக்ஸில் நடுவே முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி. அல்லது ஜாரின் மேனிஃபெஸ்டில் கிளாஸ்-பாத் வரியில் கான்ஃப் ஃபோல்டரை எழுதலாம்; ஃபோல்டர் என்பதற்கு அடையாளமாகக் கடைசியில் சாய்கோடு கட்டாயம். நான் முதல் வழியைத்தான் சொல்வேன். ஆறு மாதம் கழித்து வேறு ஒருவர் அந்த ஸ்கிரிப்ட்டைத் திறந்தாலும் எந்த ஃபைல் என்று கேட்க வேண்டியிராது.

அந்தச் சிஸ்டம் ப்ராபர்ட்டியை எங்கே எழுதுகிறீர்கள் என்பதில்தான் பலர் விழுகிறார்கள். மைனஸ் டி-யில் தொடங்குவதெல்லாம் ஜார் பெயருக்கு முன்னால் வர வேண்டும். ஜார் பெயருக்குப் பின்னால் எழுதினால் அது ஜேவிஎம்முக்குப் போகாது, உங்கள் மெயின் மெத்தடுக்கு ஒரு சாதாரண ஆர்க்யுமென்ட்டாகப் போய்விடும். இதற்கும் எச்சரிக்கை கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸிடமே கேட்டுவிடலாம்: ஜாவாவோடு வரும் ஜேசிஎம்டி கட்டளையில் ப்ராசஸ் எண்ணைக் கொடுத்து 'விஎம்.கமாண்ட்_லைன்' என்று கேளுங்கள். 'ஜேவிஎம்_ஆர்க்ஸ்' என்று ஒரு வரியும் 'ஜாவா_கமாண்ட்' என்று ஒரு வரியும் தனித்தனியே வரும். உங்கள் ப்ராபர்ட்டி முதல் வரியில் இருந்தால் சரி. இரண்டாவது வரியில் ஜார் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் இடம் தப்பு. அதே ஜேசிஎம்டியில் 'விஎம்.சிஸ்டம்_ப்ராபர்ட்டீஸ்' என்று கேட்டால் ஜேவிஎம் கையில் இருக்கும் எல்லா மதிப்புகளும் வரும். ஸ்கிரிப்ட்டில் எழுதியிருப்பதை வைத்து வாதாடுவதைவிட இது மேல். டாக்கர் இமேஜில் யாரோ வைத்த ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ் வேரியபிளிலிருந்து வந்தவையும் இதில் தெரிந்துவிடும்.

அடுத்து, லாக்பேக் தேடிய தடத்தையே பார்க்கலாம். எக்ஸ்எம்எல்லின் முதல் டேகில் டீபக் அட்ரிபியூட்டை ட்ரூ என்று வைக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அது உதவாது. ஃபைலையே படிக்காதவரிடம் ஃபைலுக்குள் எழுதிவைத்து என்ன பயன்? வெளியிலிருந்து சொல்ல வேண்டும். லாக்பேக்.ஸ்டேட்டஸ்லிஸ்னர்கிளாஸ் என்ற சிஸ்டம் ப்ராபர்ட்டியில் ஆன் கன்சோல் ஸ்டேட்டஸ் லிஸ்னர் கிளாஸின் முழுப் பெயரைக் கொடுங்கள். ஸ்டார்ட்அப்பில் லாக்பேக் என்னென்ன பெயரில் தேடியது, எது கிடைக்கவில்லை, எது எந்த ஜாருக்குள் கிடைத்தது என்று வரிசையாகச் சொல்லும். முதலில் லாக்பேக்-டெஸ்ட்.எக்ஸ்எம்எல், அது இல்லாவிட்டால் லாக்பேக்.எக்ஸ்எம்எல், அதுவும் இல்லாவிட்டால் கடைசியில் பேசிக் கான்ஃபிகரேட்டர். டெஸ்ட் ஃபைல் தவறுதலாக மெயின் ரிசோர்ஸ் ஃபோல்டருக்குள் புகுந்துவிட்டால் ப்ரொடக்‌ஷனிலும் அதற்குத்தான் முதல் மரியாதை. இந்தத் தேடலில் அதுவும் பிடிபடும்.

அந்த வரிகளுக்கு நடுவே 'ரிசோர்ஸ் அக்கர்ஸ் மல்டிபிள் டைம்ஸ் ஆன் த கிளாஸ்பாத்' என்று ஒரு எச்சரிக்கை வந்தால் நின்று படியுங்கள். ஏதோ ஒரு லைப்ரரி தன் ஜாருக்குள்ளேயே ஒரு லாக்பேக்.எக்ஸ்எம்எல்லை வைத்து அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். கிளாஸ்பாத்தில் முதலில் இருப்பது ஜெயிக்கும். தனித்தனி ஜார்களை வைத்திருக்கும் லிப் ஃபோல்டருக்கு நட்சத்திரக் குறி போட்டு ஓட்டினால், அதிலுள்ள ஜார்கள் எந்த வரிசையில் விரியும் என்று ஜாவா எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஒரு மெஷினில் உங்கள் ஃபைல், இன்னொரு மெஷினில் அவர்கள் ஃபைல் என்று ஆகலாம். 'என் லேப்டாப்பில் ஓடுகிறது' என்ற புலம்பலில் கணிசமான பங்கு இப்படி வருவதுதான். ஷேட் ஜாரில் நிலைமை வேறு: ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் இருந்தால் ஒன்றுதான் உள்ளே தங்கும். பாதையை நேராகக் கொடுக்கும் முதல் வழி இந்தச் சிக்கலையும் தீர்க்கிறது.

ஷேட் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். மெட்டா-இன்ஃபில் உள்ள சர்வீசஸ் ஃபைல்களும் பல ஜார்களில் ஒரே பெயரில் இருக்கும். ப்ளகினில் சர்வீசஸ் ரிசோர்ஸ் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்க்காவிட்டால் அவை ஒன்றாக இணையாமல் ஒன்று மட்டும் மிஞ்சும். இப்போது உங்கள் லாகிங்கை இது பாதிக்கவில்லை. லாக்பேக் மாட்டப்பட்டிருப்பதை அந்த டீபக் வெள்ளமே காட்டிவிட்டது. ஆனால் உங்கள் சர்வீஸ் இரண்டு வகை டேட்டாபேஸ்களோடு பேசினால் அவற்றோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர்களில் ஒன்று காணாமல் போகலாம். இப்போதே சேர்த்துவிடுங்கள். லாக்4ஜே 2-ஐ ஷேட் செய்பவர்களுக்கு அதன் ப்ளகின் பட்டியல் ஃபைலுக்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இல்லாவிட்டால் பேட்டர்னில் உள்ள தேதிக் குறியைக்கூட 'அடையாளம் தெரியவில்லை' என்று சொல்லும்.

கேள்விக்குறிகளுக்கு வருகிறேன். பேசிக் கான்ஃபிகரேட்டருக்கு நீங்கள் எக்ஸ்எம்எல்லில் எழுதிய யூடிஎஃப்-8 தெரியாது. அது ஜேவிஎம்மின் டிஃபால்ட் கேரக்டர்செட்டில் எழுதும். ஜாவா 18-இலிருந்துதான் டிஃபால்ட் எப்போதும் யூடிஎஃப்-8. நீங்கள் இருக்கும் 17-இல் அது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் லொகேலைப் (மொழி, எழுத்து செட்டிங்) பொறுத்தது. லேப்டாப்பில் லொகேல் யூடிஎஃப்-8, அதனால் 'முருகேசன்' முருகேசனாகவே வருகிறார். சர்வரிலோ கன்டெய்னரிலோ லொகேல் எதுவும் வைக்காவிட்டால் வெறும் ஆஸ்கி. அதில் தமிழுக்கு இடமில்லை, ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். அப்படி எழுதப்பட்ட லாகைப் பின்னால் எந்த எடிட்டரில் திறந்தாலும் மீட்க முடியாது, பைட்டுகளே போய்விட்டன. எக்ஸ்எம்எல் கிடைத்ததும், என்கோடர் டேகுக்குள் கேரக்டர்செட் யூடிஎஃப்-8 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் லாகில் தமிழ் சரியாகிவிடும். ஆனாலும் ஃபைல்.என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. லாகில் கேள்விக்குறி வருகிறது என்றால், கேரக்டர்செட் சொல்லாமல் ஃபைல் படிக்கும், எழுதும் மற்ற கோடுகளும் அதே ஆபத்தில் இருக்கின்றன. ப்ராபர்ட்டீஸ் ஃபைல்களில் தமிழ் எழுதினால் இன்னொரு எச்சரிக்கை: இன்புட் ஸ்ட்ரீம் கொடுத்து லோட் செய்தால் ஜாவா அதை எப்போதும் லத்தீன்-1 என்றே படிக்கும், எந்த வர்ஷனிலும். ரீடரை யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்து கொடுங்கள்.

ஃபைல் கிடைத்த பிறகும் லாக் ஃபைல் கண்ணில் படாவிட்டால் பதற வேண்டாம். எக்ஸ்எம்எல்லில் 'லாக்ஸ்' என்று தொடங்கும் சார்புப் பாதை எழுதியிருந்தால், அது ப்ராசஸின் நடப்பு ஃபோல்டரிலிருந்து கணக்காகும், ஜார் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. லினக்ஸின் சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டினால் ஒர்க்கிங் டைரக்டரி சொல்லாதவரை அது ரூட் ஃபோல்டர். அங்கே எழுத உங்கள் யூசருக்கு அனுமதி இருக்காது. லாக்பேக் அதை ஸ்டேட்டஸ் வரிகளில் எர்ரராகச் சொல்லும், அந்த வரிகள் சிஸ்டம்டியின் பதிவான ஜர்னலில் கிடக்கும். முழுப் பாதை எழுதுங்கள்.

இனி கொஞ்சம் சுத்தம் செய்யும் வேலை. டிபென்டன்சி மரத்தைத் திறந்துவிட்டீர்கள், அப்படியே இவற்றையும் தேடுங்கள். லாக்பேக்கோடு கூட இன்னொரு பின்புலம், உதாரணமாக எஸ்எல்எஃப்4ஜே-சிம்பிள், உள்ளே வந்திருக்கிறதா? இருந்தால் ஸ்டார்ட்அப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ப்ரொவைடர்கள் இருக்கிறார்கள் என்ற எச்சரிக்கை வரும், அவர்களில் யார் ஜெயிப்பார் என்பதை நம்பி ஓட்டக் கூடாது. கூட்டிவந்த லைப்ரரியிலேயே எக்ஸ்க்ளூஷன் போட்டு வெட்டுங்கள். எஸ்எல்எஃப்4ஜே 2.0.9-இலிருந்து 'எஸ்எல்எஃப்4ஜே.ப்ரொவைடர்' என்ற சிஸ்டம் ப்ராபர்ட்டியில் ஆளைப் பெயர் சொல்லியும் தேர்ந்தெடுக்கலாம். அவசரத்துக்கு அது கைகொடுக்கும், நிரந்தரத் தீர்வு வெட்டுவதுதான்.

பாலங்கள் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். லாக்4ஜே 2-க்கு வருவதை எஸ்எல்எஃப்4ஜேவுக்கு அனுப்பும் ஜார் ஒன்று உண்டு, எஸ்எல்எஃப்4ஜேவுக்கு வருவதை லாக்4ஜே 2-க்கு அனுப்பும் ஜாரும் உண்டு. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு லாக் வரி இரண்டுக்கும் நடுவே முடிவில்லாமல் சுற்றும். புது வர்ஷன்கள் இதைக் கண்டுபிடித்து ஸ்டார்ட்அப்பிலேயே நிறுத்திவிடும், பழையவை ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் போய் விழும். நீங்கள் லாக்பேக்கில் இருப்பதால் முதல் ஜார் மட்டும் போதும்.

லாக்4ஜே-கோர் எங்காவது தென்பட்டால் வர்ஷனைப் பாருங்கள். 2021 டிசம்பரில் வெளியே வந்த லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கும் அதைத் தொடர்ந்து வந்தவற்றுக்கும் ஜாவா 8-உம் அதற்கு மேலும் 2.17.1-ஆவது இருக்க வேண்டும். ஓட்டை இருந்தது கோர் ஜாரில். லாக்4ஜே-ஏபிஐ மட்டும் இருந்து, அது எஸ்எல்எஃப்4ஜேவுக்குப் பாலமாகப் போகிறது என்றால் அந்த ஓட்டை அங்கே இல்லை. பாதுகாப்பு ஸ்கேனர் ஜாரின் பெயரை மட்டும் பார்த்துக் கத்தினால் இதை எடுத்துச் சொல்லலாம். லாக்4ஜே 1 தென்பட்டால் அதற்கு 2015 ஆகஸ்டிலேயே அப்பாச்சி ஆதரவை முடித்துவிட்டது. உடனே மாற்ற முடியாத பழைய கோடாக இருந்தால், லாக்4ஜே 1.2.17-இலிருந்து பிரிந்து வந்த ரீலோட்4ஜே அதே கான்ஃபிகரேஷனோடு ஓடும்.

எல்லாம் சரியான பிறகு ஒவ்வொரு வரியும் இரண்டிரண்டாக வந்தால் அது வேறு கதை, சின்னக் கதை: ஒரு பேக்கேஜுக்கான லாகரிலும் ரூட்டிலும் ஒரே அப்பெண்டரை (லாகை ஃபைலிலோ கன்சோலிலோ எழுதும் பகுதி) இணைத்திருப்பீர்கள். அந்த லாகரில் அடிட்டிவிட்டியை ஃபால்ஸ் என்று வையுங்கள்.

அந்தப் புது லைப்ரரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எஸ்எல்எஃப்4ஜே-ஏபிஐ 2.0-ஐ நம்பியிருப்பது அவர்கள் உரிமை, அதில் குறை இல்லை. ஆனால் மரத்தில் அவர்கள் வழியாக எஸ்எல்எஃப்4ஜே-சிம்பிளோ லாக்பேக்கோ வந்தால், அல்லது அவர்கள் ஜாருக்குள் ஒரு லாக்பேக்.எக்ஸ்எம்எல் இருந்தால், அது அவர்கள் பக்கத்துத் தப்பு. லைப்ரரி எழுதுபவர் முகப்பை மட்டுமே நம்ப வேண்டும், பின்புலத்தை அப்ளிகேஷன் எழுதுபவரிடம் விட வேண்டும் என்று எஸ்எல்எஃப்4ஜே கையேடே தெளிவாகச் சொல்கிறது. பெரும்பாலும் அவர்கள் டெஸ்ட்டுக்காகச் சேர்த்ததை டெஸ்ட் ஸ்கோப்பில் போட மறந்திருப்பார்கள். பாம்.எக்ஸ்எம்எல்லில் ஒரு வரித் திருத்தம். உங்கள் மரத்தின் அந்தப் பகுதியை ஒட்டி அவர்களுக்கு எழுதுங்கள், முடிந்தால் திருத்தத்தையே செய்து அனுப்புங்கள். எக்ஸ்க்ளூஷன் போட்டுவிட்டு நகர்ந்தால் உங்கள் ப்ராஜெக்ட் மட்டும் பிழைக்கும், அடுத்து அந்த லைப்ரரியைச் சேர்ப்பவர் இதே இடத்தில் ஒரு நாளைத் தொலைப்பார்.

இப்போது வரிசை இதுதான்: ஸ்கிரிப்ட்டில் லாக்பேக் ஃபைலின் முழுப் பாதையை ஜார் பெயருக்கு முன்னால் கொடுங்கள், ஸ்டேட்டஸ் லிஸ்னரையும் சேருங்கள், ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கொடுத்த பாதையில் எழுத்துப்பிழை இருந்தால் லாக்பேக் அப்ளிகேஷனை நிறுத்தாது, வழக்கமான தேடலுக்குப் போய்விடும். ஆகவே உங்கள் ஃபைல் கிடைத்தது என்று ஸ்டேட்டஸ் வரிகளில் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். வந்துவிட்டால் லிஸ்னரை எடுத்துவிடலாம். வராவிட்டால் அந்த ஸ்டேட்டஸ் வரிகள், ஜேசிஎம்டி தந்த கமாண்ட் லைன், எஸ்எல்எஃப்4ஜே, லாக்பேக், லாக்4ஜே மூன்றுக்கும் வடிகட்டிய டிபென்டன்சி மரம் ஆகியவற்றை இங்கே ஒட்டுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம். கமாண்ட் லைனில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருந்தால் ஒட்டும் முன் அழித்துவிடுங்கள்.